நாலரை பஸ்ஸும் கமலாட்சியின் நோவும்

இராசமலர் கதிர்காமத்துக்கு நடக்கப் புறப்பட்ட அன்று அவருடைய முழங்கால் நோ அவரோடு போகவில்லை. அது வேலிப் படலை வரைக்கும் வந்து, நின்று யோசித்து, திரும்பிப்போய் விறாந்தையில் கிடந்த பிரம்புக் கதிரையில் ஏறி இருந்துகொண்டது. பின்னேரம் வயலால் வந்த அவருடைய புருசன் நடராசா ஒன்றும் அறியாமல் அந்தக் கதிரையில் சாய்ந்தார். எழும்பும்போது இரண்டு முழங்காலுக்குள்ளும் மணலைப் போட்டு அரைத்த மாதிரி இருந்தது. கனவருசமாக இராசமலர் அந்த இடத்தில் “அம்மாளாச்சி” என்று இழுத்துக்கொண்டு எழும்புவதை அவர் கேட்டிருக்கிறார். நடிப்பு என்று கூட ஒன்றிரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவரும் அதே இடத்தில், அதே ராகத்தில், அதையே சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி தேனுகா, இராசமலர் போகாமல் நின்றுவிட்டாரோ என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

இதற்கெல்லாம் காரணம் நடராசாவின் வாய்தான். எங்கள் குடியேற்றம் ஒட்டுசுட்டானுக்கும் தண்ணீரூற்றுக்கும் நடுவில், மெயின் ரோட்டோடு இருக்கிறது. குளத்துத் தண்ணியை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்கள் முன்வரிசையில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு ஓடிவந்தவர்கள் பின்வரிசையில், காட்டோரமாக. வருசா வருசம் வற்றாப்பளைப் பொங்கல் முடிய, வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற கூட்டம் எங்கள் பக்கமாக வரும். ஐம்பது தாண்டிய எங்கள் ஆட்கள் அதோடு சேர்ந்துகொள்வார்கள். கொக்கிளாய், திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை, பிறகு காடு, பிறகு கந்தன். நடக்கத் தொடங்கினால் ஒருவருக்கும் பேர் கிடையாது, முன்வரிசை பின்வரிசை கிடையாது. எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’. அந்தக் கூட்டத்துக்குக் கனகாலம் தலைமை தாங்கிப் போனவர் நடராசா. நெஞ்சுக்குள் கம்பிச்சுருள் வைத்த பிறகு டாக்குத்தர் மறித்துவிட்டார். அதற்குப் பிறகு, பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து வழியனுப்புவது மட்டும் அவருடைய வேலை.

மற்ற வருசங்களில் அவர், குறையெல்லாவற்றையும் கொண்டுபோய் முருகனிடம் குடுத்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லுவார். அந்த வருசம், சித்தாலேபத் தைலம் மணக்க மணக்க நொண்டிக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. “நோ நொடியளை எல்லாம் இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ. நாங்கள் பாக்கிறம்” என்றார். வீட்டையும் ஆட்டையும் நாயையும் விட்டுப் பயணம் போகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. நல்ல சகுனம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அப்படியே நடந்தது. இரஞ்சிதத்தின் வாயு அவருடைய மகள் தேனுகாவிடம் நின்றது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவள் அன்று இரவுக்குள் ஏவ் ஏவென்று ஏவறை விடத் தொடங்கினாள். பென்சன் எடுத்த தபாற்காரரின் தலைச்சுற்று அவருடைய மூத்த மகனைப் பிடித்தது. அவன் வாழைக்குலை வெட்டப் போய் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி அரைநாள் நின்றான். கிளினிக் நாளன்று வரிசையில் இளவட்டங்கள் நின்றார்கள். நேர்ஸ் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவரவர் வீட்டுக் கிழடுகளின் அளவிலேயே மாத்திரையைக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். நடந்து போனவர்களோ வெருகல் தாண்டும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனார்களாம். இராசமலர் போன் எடுத்து, “கால் எண்டு ஒண்டு எனக்கு இருக்கிறதே தெரியேல்லையப்பா” என்றார். நடராசா முழங்காலைத் தடவிக்கொண்டு, “ஓம், எனக்குத் தெரியுது” என்றார்.

பிரம்புக் கதிரைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கடைசியாக அதில் யார் இருந்தாரோ அவரிடம்தான் நோ இருக்கும். இதை நடராசா ஒரு கலியாணப் புரோக்கர் மூலம் கண்டுபிடித்தார். தேத்தண்ணி குடிக்கக் கதிரையில் இருந்த புரோக்கர், மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட முடியாமல் அதை உருட்டிக்கொண்டு போனார். நடராசா அன்றைக்கு முற்றத்தில் இரண்டு தரம் குந்தி எழும்பிப் பார்த்துச் சந்தோசப்பட்டார். அடுத்தநாள் மனச்சாட்சி உறுத்த, புரோக்கரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தானே கதிரையில் போய் இருந்தார். அந்தளவில் நல்ல மனுசன்தான்.

ஆனால் கூட்டத்தோடு நடக்கப் போன கமலாட்சியின் வீட்டில் நோவைப் பார்க்க ஒருவரும் இல்லை. பின்வரிசையில் கடைசி வீடு அது. கமலாட்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. நாற்று நட, களை பிடுங்க, அரிவி வெட்ட என்று இளவயதிலிருந்து எங்கள் வயல்களுக்கு வருகிறவர். புருசன் பழனியாண்டி, இடப்பெயர்வில் காட்டுக்குள் இருந்தபோது பாம்பு கடித்து, முப்பத்தைந்து முப்பத்தாறு வயதில் போய்விட்டார். ஒரே மகன் ஜனகன். இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சனம் முள்ளிவாய்க்காலால் வெளியே வந்தபோது ஆமிக்காரர் அவனை வேறு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. இப்படிப் போய்த் திரும்பி வராதவர்கள் எங்களில் பலருக்கும் உண்டு. அதனால் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. என்ன வருத்தம் என்றால் கமலாட்சி, “நெஞ்சுல ஒரு பிடிப்புங்க, வாயுவா இருக்கும்” என்பார். நாங்களும் இஞ்சி தட்டிப் போட்டுக் குடி என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம்.

அந்தப் பிடிப்பு வெறும் வீட்டில் இரண்டு நாள் காத்திருந்தது. பிறகு தகரக் கதவைத் திறந்துகொண்டு, காட்டோரப் பாதையால் வந்து, பஸ் நிற்கிற ஆலமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னேரம் நாலரைக்கு வவுனியாவிலிருந்து நெடுங்கேணி வழியாக வருகிற பஸ் அங்கே நிற்கும். அன்றைக்கு மரத்தடியில் நின்ற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நெஞ்சு இறுகியது. இறங்குகிறவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஏன் பார்க்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. கண்ணை எடுக்கவும் முடியாது. கடைசி ஆளும் இறங்கி, பஸ் கிளம்பி, புழுதி அடங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அடுத்தநாளும் அப்படியே. கொண்டக்டர் சஜீவனுக்கு, பஸ் அந்த மரத்தடியில் பிரேக் பிடிக்கும்போதே தொடங்கிவிடும். உள்ளே இருக்கிற சனத்தை எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்ப்பான், இறங்குகிற ஆட்களின் மிச்சக் காசைக் கொடுக்க மறந்துவிடுவான்.

எங்கள் ஆட்களின் குணம் என்னவென்றால், அடுத்தவனுக்கு ஒன்று வந்தால் தாங்களும் போய்த் தொட்டுப் பார்க்காமல் இருக்கமாட்டார்கள். ஒரு கிழமைக்குள் நாலரைக்கு ஆலமரத்தடியில் நிற்க இடமில்லை. தண்ணீரூற்றிலிருந்தும் ஆட்டோவில் வந்தார்கள். ஒருவன் கச்சான் வறுத்து விற்கத் தொடங்கினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, பஸ் போனதும் சுற்றி இருந்து, நீ யாரைத் தேடினாய், நீ யாரைத் தேடினாய் என்று விசாரித்தார்கள். அதுதான் ஆச்சரியம்: எல்லோரும் தேடியது ஒரே ஆளை. முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். முன்நெற்றியில் மயிர் கொஞ்சம் ஏறிவிட்டது. காதோரம் இரண்டு மூன்று நரை. இடது புருவத்தில் ஒரு பழைய வெட்டு. யாரும் அப்படி ஒரு ஆளை நேரில் கண்டதில்லை. மாப்பிள்ளை ஒருவன் வரப்போகிறான் என்றார்கள் பெண் வைத்திருந்தவர்கள். கமச்சேவைக் கந்தோருக்கு வரப்போகிற புதிய ஆள் என்றார்கள் உரத்துக்குக் காத்திருந்தவர்கள். கந்தசாமிதான் மனுச உருவில் வருகிறார் என்று சொல்லி ஒருவர் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, குங்குமமும் வைத்துவிட்டார்.

யாருடைய நோ என்பதை நடராசாதான் முதலில் பிடித்தார். போன ஆட்களின் வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோது, ஆளில்லாத வீடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நொண்டிக்கொண்டு பின்வரிசைக்குப் போனார். கமலாட்சியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு பாய், இரண்டு சட்டி, கொடியில் ஒரு சேலை. சுவரில் ஒரு படமும் இல்லை. இடப்பெயர்வில் படங்களைக் காப்பாற்றியவர்கள் எங்களில் குறைவு. திரும்பி வந்து ஆலமரத்தடியில் நின்று, நெஞ்சு இறுகி, மனதில் வந்த அந்த முகத்தை இன்னொரு தரம் கவனமாகப் பார்த்தார். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. “டேய், இது பழனியாண்டியெல்லோ!” என்றார். வயதானவர்கள் எல்லோரும் அப்போதுதான் பிடித்தார்கள். ஓம், பழனியாண்டியேதான், சாகும்போது இந்த வயதுதான். புருவ வெட்டு மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. இத்தனை காலத்தில் மறந்திருப்போம் என்று விட்டுவிட்டோம்.

எங்களுக்குப் பாவமாகிவிட்டது. செத்துப்போன புருசனைத் தினமும் பஸ்ஸில் தேடிக்கொண்டு ஒரு மனுசி இத்தனை வருசமாக எங்கள் வயலில் களை பிடுங்கியிருக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பொத்துவிலிலிருந்து இராசமலரின் போன் வந்தது. கமலாட்சி சாமி சிரிக்கிறா என்றார் இராசமலர். அவவுக்குக் கன்னத்தில் குழி விழும் என்று தனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. ஒரே தட்டில் சாப்பிடுகிறோம், பக்கத்துப் பக்கத்தில் படுக்கிறோம், படுத்ததும் நித்திரையாகிவிடுகிறா. ரோட்டால் எத்தனை பஸ் போனாலும் திரும்பிப் பார்க்கிறதில்லை. “அவவின்ரை வருத்தம் அங்கை நிண்டால் அதைத் திருப்பிக் குடுத்திடாதேங்கோ” என்றார். நடராசா அதைப் பற்றி நன்றாக யோசித்தார். தன் வாயால் வந்ததைத் தானே நல்லபடியாக முடிக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு. யாத்திரை போனவர்கள் திரும்புவதற்குள் கமலாட்சியின் பிடிப்பைக் கழிப்புக் கழித்து விட்டுவிடுவது என்று முடிவானது. செத்தவரைத் தேடுகிற நோதானே, கழித்தால் பாவமில்லை.

வைரவர் கோயில் பூசாரி வந்து, பஸ் வருகிற நேரத்தில் நீத்துப்பூசணிக்காய் வெட்டி, தேசிக்காய் நறுக்கி, பிடிப்பை ஒரு மண்முட்டிக்குள் இறக்கிச் சிவப்புத் துணியால் வாயைக் கட்டினார். வாய்க்காலில் விட்டால் கீழ்வயல்காரருக்குப் போய்விடும் என்று சண்டை வந்ததால், அதை லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றி முல்லைத்தீவுக் கடலுக்குக் கொண்டுபோனோம். கழுத்தளவு தண்ணியில் நின்று, முதுகுக்குப் பின்னால் முட்டியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தோம். சாம்பல் கரைப்பதும் அப்படித்தான். அடுத்தநாள் நாலரைக்குப் பஸ் வந்தது, நின்றது, போனது. ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. கச்சான்காரன் தட்டியைக் கழற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போனான்.

ஆடியில் தீர்த்தம் முடிந்து, கறுத்து மெலிந்து, விபூதியும் சிரிப்புமாக எல்லோரும் வாடகை வான் பிடித்து வந்து இறங்கினார்கள். விட்டுப்போன வருத்தங்கள் படலையடியிலேயே காத்து நின்று, வளர்த்த நாய் மாதிரி ஓடிவந்து ஏறிக்கொண்டன. இரஞ்சிதம் வாசற்படியில் கால் வைக்கும்போதே ஏவறை வந்தது. தேனுகா குசினிக்குள் போய் மிளகாய் போட்டுப் பொரித்த கோழி தின்றாள். இராசமலர் மட்டும் உசாராக இருந்தார். பிரம்புக் கதிரையை வெளியே நின்று பார்த்துவிட்டு, இந்தச் சென்மத்தில் நான் அதில் இருக்கமாட்டன் என்று சொல்லி, பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். நடராசா பிரம்புக் கதிரையில் தானே போய் இருந்துகொண்டார். நடிப்பு என்று சொன்ன ஆளுக்கு வேறெங்கே இருக்க இடம்.

கமலாட்சி மூன்று நாள் நாலரைக்கு ஆலமரத்தடியில் நின்றார். நாலாம் நாள் பஸ் போனதும் நேரே நடராசா வீட்டுக்கு வந்து, வழக்கம்போல விறாந்தைக்குக் கீழே சீமெந்துத் தரையில் இருந்தார். இராசமலர் அதைப் பார்த்துத் துடித்துப்போனார். ஒரு மாதத்துக்கு மேல் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். தன் பிளாஸ்டிக் கதிரையை விட்டு எழும்பி, “சாமி, நிலத்திலை இராதேங்கோ. இதிலை வந்து இருங்கோ” என்றார்.

“நீங்க நிக்க நான் உக்கார மாட்டேங்க, சாமி” என்றார் கமலாட்சி.

அந்த வீட்டில் கதிரை இரண்டுதான். இராசமலர் பிரம்புக் கதிரையை ஒரு தரம் பார்த்தார், புருசனை ஒரு தரம் பார்த்தார், பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு அதில் இருந்துவிட்டார். “அம்மாளாச்சி” என்றார், மெதுவாக. தூணில் சாய்ந்து நின்ற நடராசாவின் முழங்கால்கள் அந்தக் கணமே லேசாகின. அவருக்குக் கண் கலங்கியது. கமலாட்சி பிறகுதான் பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் வந்து இருந்தார்.

“ஐயா, என் நெஞ்சுப் பிடிப்பை எங்கங்க வச்சீங்க?” என்று கேட்டார்.

நடராசா எல்லாவற்றையும் சொன்னார். கடலில் விட்டதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமையும் இருந்தது. செத்த ஆளை எத்தனை காலத்துக்குத் தேடுகிறது, உடம்பு என்னத்துக்கு ஆகும், பழனியாண்டியின் ஆத்மாவும் சாந்தியடையவேண்டாமா என்றார்.

“அது அவங்க அப்பா இல்லீங்க,” என்றார் கமலாட்சி. “அது ஜனகன்.”

கமலாட்சி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துச் சொன்னார். “எங்கிட்ட போட்டோ ஒண்ணும் இல்லைங்க. அந்தப் பிடிப்புலதான் அவன் மூஞ்சி இருந்துச்சு. வருசா வருசம் அவனுக்கு வயசு கூட்டி வச்சுப் பாப்பேன். அப்பா மாதிரியே முன்னால முடி கொட்டும்னு நெனச்சு, அதையும் கொறச்சேன். இப்ப நெனச்சாப் பத்தொம்பது வயசுலயே நிக்கிறான். அந்த வயசுல ஒரு பையன் பஸ்ஸை விட்டு எறங்குனா, அது அவன் இல்லீங்களே. அவன் எறங்கி வந்து எதிர்ல நின்னாக்கூட எனக்குத் தெரியாதுங்க.”

நடராசாவுக்கு இடது புருவத்து வெட்டு அப்போது ஞாபகம் வந்தது. ஒன்பது வயதில் ஜனகன் அவருடைய ட்ரக்டர் பெட்டியிலிருந்துதான் விழுந்தான். இரத்தம் வழிய வழிய அவனைத் தூக்கிக்கொண்டு தையல் போட ஓடியவரும் அவர்தான். செத்தவன் என்று நினைத்து நாங்கள் கடலில் கரைத்தது, ஒரு தாய் ஒரு நாளும் கரைக்கச் சம்மதிக்காத பிள்ளையை. இதைவிடப் பெரிய பிழை எங்கள் ஊரில் நல்ல மனத்தோடு நடந்ததில்லை.

அடுத்தநாளே லாண்ட்மாஸ்ரரை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனோம். மீன்பிடிக்கிறவர்களிடம் விசாரித்தோம், வலையில் முட்டி ஒன்றும் அகப்படவில்லை என்றார்கள். கடல் கடலாகவே கிடந்தது. திரும்பி வந்து எல்லோரும் நடராசா வீட்டு முற்றத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம். கமலாட்சி ஒருவரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அப்போது சஜீவன்தான் தொடங்கினான். கடைசி பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்தவன், காக்கிச் சட்டையோடு படலையடியில் நின்றபடி, “அக்கா, அவருக்குக் காதடியிலை மூண்டு நரை. வலப்பக்கம் ரெண்டு, இடப்பக்கம் ஒண்டு” என்றான். கமலாட்சி நிமிர்ந்து பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். ஊசி நுனியளவு ஒரு பிடிப்பு அங்கே வந்து இருந்தது. வேடிக்கை பார்க்கப் போன ஒருவரும் சும்மா திரும்பவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கழிப்புக்குத் தப்பிய ஒரு துண்டு ஆளாளிடம் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பிறகு எல்லோரும் சொல்லத் தொடங்கினார்கள். இறங்கும்போது தலையைக் குனிந்து இறங்குவான் என்றார் ஒருவர், கதவு அவன் உயரத்துக்குக் காணாது. பையை இடது கையில் பிடிப்பான் என்றாள் தேனுகா. நடராசா புருவத்தைச் சொன்னார், தையல் எத்தனை என்பதையும் சொன்னார். தண்ணீரூற்று ஆட்டோக்காரர்களுக்குச் சொல்லியனுப்பினோம், அவர்களும் வந்து சொன்னார்கள். கச்சான்காரனைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. அவனிடம்தான் சிரிப்பு இருந்தது. கன்னத்தில் குழி விழும் என்றான். கமலாட்சி அதைக் கேட்டதும் வாய்விட்டு அழுதார். இராசமலர் நொண்டிக்கொண்டு எழும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடித்தார்.

ஆனால் சொன்னதால் யாரிடமிருந்தும் அது போய்விடவில்லை. கமலாட்சிக்கு முகம் முழுதாகத் திரும்பி வந்தது, பிடிப்பு மட்டும் முன்னையளவு இல்லை. மீதி எங்களிடமே நின்றுவிட்டது. கிளினிக்கில் அதற்கு மாத்திரை இல்லை என்றார்கள், நாங்களும் கேட்கவில்லை. கமலாட்சி இப்போது இரவில் நன்றாக நித்திரை கொள்கிறார். ஒரு நாள் நாற்று நடும்போது பாடியதாகக் கூடச் சொல்கிறார்கள். பிரம்புக் கதிரையில் நடராசாவும் இராசமலரும் கிழமை மாறிக் கிழமை இருக்கிறார்கள். வயல் வேலை கூடின கிழமையில் இராசமலர் முந்திக்கொண்டு இருந்துவிடுவார், அதில் இருவருக்கும் சண்டை வருவதுண்டு. அடுத்த வருசம் யாத்திரைக்காரர் புறப்பட்டபோது நடராசா தேங்காயை உடைத்துவிட்டு, “போட்டு வாங்கோ” என்று மட்டும் சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

நாலரை பஸ் எங்கள் ஆலமரத்தடியில் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். சஜீவன் இரண்டு கதவையும் திறந்துவிட்டு, தான் முதலில் இறங்கி ஒதுங்கி நிற்பான். வேலைக்குப் போய் வருகிறவர்கள், சந்தைக்குப் போய் வருகிறவர்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள்; மரத்தடியில் நிற்கிற நாங்கள் அவர்களுடைய முகத்தைப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், ஒரு ஆள் வரவேண்டியிருக்கிறது என்று சொல்வோம். போன மாதம் ஜனகனுக்கு முப்பத்தாறு முடிந்தது. பஸ் போன பிறகு எல்லோரும் மரத்தடியில் இருந்து கதைத்து, முன்நெற்றியில் இன்னும் கொஞ்சம் மயிரைக் குறைத்தோம், வலது காதடியில் ஒரு நரையைக் கூட்டினோம். இந்த வயதில் இப்போது எல்லோரும் கண்ணாடி போடுகிறார்கள், போட்டுவிடுவோமா என்று நடராசா கேட்டார். கமலாட்சி, இன்னும் ரெண்டு வருசம் போகட்டுங்க என்றார்.